வெளுத்துப்போன முகம்

மாமா,

இன்று காலை திருநெல்வேலியில் என் கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டார்கள். எனக்குச் சர்க்கரை வந்து நாலு வருஷம் ஆகிறது. வருஷத்துக்கு ஒரு தடவை கண்ணின் உள்பக்கத்தைப் பார்த்தாக வேண்டும் என்பது டாக்டர் சொல். மருந்தை விட்டு, முக்கால் மணி நேரம் கண்ணை மூடி உட்காரவைத்து, பிறகு ஒரு லைட்டை அடித்துப் பார்த்தார்கள். பயப்பட ஒன்றும் இல்லை, அடுத்த வருஷம் வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். வெளியே வந்து படியில் காலை வைத்தால் தெருவையே காணோம். பஸ், ஆட்டோ, ஆட்கள், எதிர்க்கடை போர்டு எல்லாம் ஓரம் கரைந்து ஒரே வெள்ளையாகக் கிடந்தன. பக்கத்தில் நின்ற ஒருவரிடம் சங்கரன்கோவில் பஸ் எது என்று கேட்டு ஏறினேன். வழியெல்லாம் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு வந்தேன். மூடின கண்ணுக்குள் உங்கள் ஞாபகம்தான்.

வீட்டுக்குப் போகவில்லை. நேராக ஸ்டூடியோவுக்கு வந்துவிட்டேன். ஆவணி முகூர்த்தத்து நான்கு கல்யாணப் படங்கள் அப்படியே கிடக்கின்றன. ஒவ்வொன்றிலும் நாலாயிரம், ஐயாயிரம் படம். எல்லோரும் போன் செய்து, "இன்னும் ஆகலையா?" என்று கேட்கிறார்கள். ஆகவில்லை என்று சொல்லிச் சொல்லி வாய் ஓய்ந்துவிட்டது. மதியம் முழுவதும் நாற்காலியில் சாய்ந்து கிடந்தேன். இப்போது சாயங்காலம். எழுத்து தெரியும் அளவுக்குக் கண் திரும்பிவிட்டது. ஆனால் மவுஸைத் தொட மனசு வரவில்லை. அதனால் உங்களுக்கு எழுதுகிறேன்.

நான் உங்கள் மகனைக் கட்டிக்கொண்டு இந்த ஊருக்கு வந்தபோது இந்த ஸ்டூடியோவில் கம்ப்யூட்டர் புதிது. அதைத் தொட ஆளில்லை. உங்கள் மகனுக்குத் தறியை விட்டால் வேறு எதிலும் நாட்டம் கிடையாது. நான் கல்யாணத்துக்கு முன்பே டிசைனிங் படித்திருக்கிறேன் என்று தெரிந்ததும் நீங்கள்தான் கேட்டீர்கள். "எம்மா, வீட்ல சும்மாதான இருக்க, கடைக்கு வாரியா?" மாமனார் மருமகளைக் கடைக்குக் கூப்பிடுகிறார் என்று உறவில் நாலு பேர் நாலு விதமாகப் பேசினார்கள். நீங்கள் கண்டுகொள்ளவில்லை. காமிரா உங்களுக்கு, கம்ப்யூட்டர் எனக்கு என்று பிரித்துக்கொண்டோம். நீங்கள் எடுத்துவருவீர்கள், நான் சரிசெய்து ஆல்பம் போட்டு, அச்சடிக்க மதுரை லேபுக்கு அனுப்புவேன். பத்து வருஷத்துக்கு மேல் அப்படித்தான் ஓடியது.

நீங்கள் எப்போதும் கொஞ்சம் இருட்டாகவே எடுப்பீர்கள். முதல் வருஷம் எனக்குக் கோபம்கூட வந்தது. ஒவ்வொரு படத்தையும் நான் அல்லவா வெளிச்சத்துக்குத் தூக்கவேண்டியிருக்கிறது? கேட்டபோது பட்டுச்சேலை ஜரிகையைக் காட்டிச் சொன்னீர்கள். "வெள்ளை போச்சுன்னா போச்சும்மா. அதுல ஒண்ணும் இருக்காது. கருப்புக்குள்ள தேடுனா ஏதாவது கெடைக்கும்." அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை.

நான் வேலை செய்யும்போது பின்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து பார்ப்பீர்கள். படத்தின் பக்கத்தில் ஒரு கட்டம், அதற்குள் கீழ்மூலையிலிருந்து மேல்மூலைக்குச் சாய்வாக ஒரு கோடு. கோட்டின் கீழ்ப்பாதி படத்தில் இருட்டான இடங்கள், மேல்பாதி வெளிச்சமான இடங்கள். நடுவில் பிடித்து லேசாக மேலே தூக்கினால் படம் வெளுக்கும், கீழே இழுத்தால் கறுக்கும். அதற்குக் கர்வ் என்று பெயர் என்று சொன்னேன். நீங்கள் கோடு என்றே சொல்லிக்கொண்டிருந்தீர்கள். கோட்டுக்குப் பின்னால் மங்கலாகத் தெரியும் வரைபடத்தைக் காட்டி, "இது என்ன, மேற்கு மலை மாதிரி?" என்று கேட்டீர்கள். படத்தில் எவ்வளவு இருட்டு, எவ்வளவு வெளிச்சம் என்பதன் கணக்கு அது, மலை வலப்பக்கச் சுவரில் முட்டினால் அந்த அளவுக்குப் படம் வெறும் வெள்ளையாகப் போய்விட்டது என்று அர்த்தம் என்றேன். தலையை ஆட்டினீர்கள். அறுபது வயதில் ஒருநாள், "தள்ளு, நான் பாக்கேன்" என்று என் நாற்காலியில் உட்கார்ந்தீர்கள். அதற்குப் பிறகு அந்த நாற்காலி உங்களுடையதாகிவிட்டது. ஆல்பம் அடுக்குவது மட்டும் என் வேலை.

நன்றாகத்தான் செய்தீர்கள். இரண்டு வருஷம் நான் குறை சொல்ல ஒன்றும் இருக்கவில்லை.

பிறகு ட்யூப் லைட்டில் ஆரம்பித்தது. "கரண்டு கம்மியா வருதாம்மா? வெளிச்சமே இல்லையே" என்றீர்கள். ட்யூபை மாற்றினோம். ஒரு வாரம் கழித்து மறுபடி அதே கேள்வி. பிறகு மானிட்டர் மங்கிவிட்டது என்றீர்கள். வெளிச்சத்தை முழுக்கக் கூட்டிவைத்தேன். அப்புறமும் மங்கல் என்று புது மானிட்டர் வாங்கிவந்தீர்கள். அதுவும் பத்து நாளில் மங்கிவிட்டது என்றீர்கள். உங்கள் மகன் எடுத்துவந்த ஊதாச் சட்டையை, "சாம்பக் கலர்ல எதுக்குலே எடுத்த?" என்று கேட்டது எனக்கு நினைவிருக்கிறது. நாங்கள் சிரித்தோம்.

உங்கள் கோடு நாளுக்கு நாள் மேலே போய்க்கொண்டிருந்தது. முதலில் யாரும் குறை சொல்லவில்லை. சொல்லப்போனால் எல்லோருக்கும் சந்தோஷம். "அண்ணாச்சி, நம்ம பிள்ளைய எம்புட்டு செவப்பா காட்டிட்டிய!" என்று பெண்வீட்டுக்காரர்கள் வந்து உங்கள் கையைப் பிடித்துக்கொள்வார்கள். உங்களுக்குப் பெருமை தாங்காது. குருவிகுளம் பக்கத்திலிருந்தெல்லாம், வெள்ளையாக வரும் ஸ்டூடியோ எது என்று விசாரித்துக்கொண்டு வந்தார்கள். நான் மட்டும் ஆல்பத்தில் ஜரிகையைத் தேடிக்கொண்டிருந்தேன். மூக்கு எங்கே முடிந்து கன்னம் எங்கே ஆரம்பிக்கிறது என்று தெரியாத முகங்களாக வந்தன.

உங்கள் மகனிடம் சொன்னேன். "அப்பாவுக்குக் கண்ணு சரியில்ல போலுக்கு. நீங்க சொல்லுங்களேன்."

"நீ சும்மா இரிட்டி. காமிராக்காரன்ட்ட போய் கண்ணு தெரியலன்னு சொல்லவா? மனுசன் ஒடைஞ்சு போயிருவாரு."

அவர் சொன்னதும் தப்பில்லை. அந்தச் சொல்லை உங்கள் முன்னால் எடுத்துப் போட எங்கள் இருவருக்கும் தைரியம் இல்லை. நான் வேறு வழி ஒன்றைப் பிடித்துக்கொண்டேன்.

நீங்கள் சரிசெய்த படத்தைப் பழைய படத்தின் மேலேயே சேவ் செய்துவிடுவீர்கள். ஒன்றுக்கு இரண்டாக வைத்து இடத்தை அடைப்பானேன் என்பீர்கள். அப்படிச் செய்துவிட்டால் எடுத்தபடியான படம் திரும்பக் கிடைக்காது. அதனால் அந்தச் சித்திரையிலிருந்து, நீங்கள் கல்யாணத்துக்குப் போய்விட்டு வந்து காமிராவின் மெமரி கார்டைக் கொடுத்ததும், உங்களுக்குத் தெரியாமல் எல்லாப் படங்களையும் இன்னொரு ஹார்ட் டிஸ்கில் நகல் எடுத்துவைத்தேன். நீங்கள் உங்கள் போக்கில் முடிப்பீர்கள். மறுநாள் விடிந்ததும் ஆறு மணிக்கு நான் கடையைத் திறந்து, நகலிலிருந்து அத்தனை படத்தையும் முதலிலிருந்து சரிசெய்து அதைத்தான் லேபுக்கு அனுப்புவேன். ஒன்பது மணிக்கு நீங்கள் வரும்போது வாசல் தெளித்துச் சாமிப் படத்துக்குப் பூப் போட்டு ஒன்றும் தெரியாதவள் மாதிரி நிற்பேன். வீட்டில் பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்குக் கிளப்பிவிடுவது உங்கள் மகன் பாடு. இடுப்பு விட்டுப்போகும். ஒரே கல்யாணத்தை இரண்டு தடவை செய்வது எப்படிப்பட்ட அலுப்பு என்று யாரிடமும் சொல்லிக்கொள்ளவும் முடியாது.

ஆல்பம் அச்சாகி வந்தால் அதற்கும் ஒரு சண்டை. பக்கத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "என்னம்மா, லேப்காரன் இம்புட்டு இருட்டா அடிச்சு அனுப்பிருக்கான்?" என்று போனை எடுத்துவிடுவீர்கள். அந்த மனுஷர் திட்டை வாங்கிக்கொண்டு போனை வைப்பார். நீங்கள் டீ குடிக்கப் போனதும் நான் கூப்பிட்டு, "அண்ணாச்சி, தப்பா எடுத்துக்கிடாதீங்க, நீங்க அடிச்சது சரிதான்" என்று கெஞ்சுவேன். இப்படி ஒரு வருஷத்துக்கு மேல் ஓடியது.

பொன்செல்வி வந்தது அந்த ஆனி மாதத்தில்.

வாசுதேவநல்லூர்க்காரி. அதற்கு முந்தைய வருஷம் தையில் அவள் கல்யாணத்துக்கு நீங்கள்தான் போயிருந்தீர்கள். நான் நகல் எடுக்க ஆரம்பிப்பதற்கு மூன்று மாதம் முன்னால் அது. அவளுடைய அப்பா தவறிப்போய்ப் பத்து நாள் ஆகியிருந்தது. பதினாறாம் நாளுக்குப் பெரிய படம் வேண்டும் என்று வந்தாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. அவள் வீட்டுக்காரர் வெளியே பைக்கில் உட்கார்ந்திருந்தார். நீங்கள் உங்கள் ஸ்டூலில் உட்கார்ந்து லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தீர்கள்.

"பந்தல் வாசல்ல நின்னு எல்லாரையும் கும்புடுதாப்ல ஒரு படம் இருக்குக்கா. அதுல மட்டுந்தான் எங்கப்பா சிரிக்காங்க. மத்ததுல எல்லாம் குனிஞ்ச தலதான். ஆல்பத்துல சின்னதா இருக்கு. பெருசாக்கிக் குடுங்க."

எடுத்துப் பார்த்தேன். உச்சி வெயில், வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. அந்த வெயிலுக்கு மேல் கோட்டை வேறு தூக்கியிருந்தீர்கள். மீசையும் புருவமும் கூப்பின கையும் தெரிந்தன. மற்றபடி சட்டை எங்கே, நெற்றி எங்கே, வானம் எங்கே என்று பிரிக்கமுடியாத ஒரே வெள்ளை. ஆல்பத்தில் கட்டைவிரல் அளவில் இருந்தபோது அது அவர்களுக்கு உறைக்கவில்லை. திரை முழுக்க விரித்ததும் அவள் திகைத்துப்போனாள்.

"எங்கப்பா முகம் எங்கக்கா?"

"இரும்மா, பாக்கேன்" என்று கோட்டின் மேல் முனையைப் பிடித்துக் கீழே இழுத்தேன். வெள்ளை சாம்பலாக மாறியது. இன்னும் இழுத்தேன். சாம்பல் இன்னும் கறுத்தது. அதற்குள்ளிருந்து கன்னமோ சிரிப்போ எதுவும் எழுந்து வரவில்லை. இல்லாததை எப்படிக் கொண்டுவர? வேறு வேறு விதமாக இழுத்துப் பார்த்தேன். அவள் என் தோளுக்குப் பின்னால் நின்று மூச்சுவிடும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"எடுத்தபடியே ஒரு படம் வச்சிருப்பிய இல்ல? அத எடுங்க."

"இல்லம்மா. அதும்மேலயே சேவ் பண்ணியாச்சு."

"யாரு பண்ணுனது?"

நீங்கள் லென்ஸைத் துடைப்பதை நிறுத்தியது எனக்குத் தெரிந்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

"நாந்தாம்மா. தெரியாம ரொம்பத் தூக்கிட்டேன்."

அவள் என்னை அடித்திருந்தால்கூடப் பரவாயில்லை. "படிச்சவங்கதான நீங்க? இதுக்குத்தான படிச்சிய? எங்கப்பா செத்ததுக்கப்புறம் இன்னொரு தடவ கொன்னுட்டியளே" என்று சொல்லிவிட்டு முகத்தை மூடிக்கொண்டு இறங்கிப்போனாள். வெளியே அவள் வீட்டுக்காரர் என்ன என்று கேட்பதும், அவள் சொல்வதும், அவர் உள்ளே திரும்பி என்னை ஒரு பார்வை பார்ப்பதும் எல்லாம் நடந்தன. ரேஷன் கார்டுப் படத்தைப் பெரிதாக்கி வைத்துப் பதினாறை முடித்தார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

அவர்கள் போனதும் நீங்கள் துடைத்த லென்ஸைப் பையில் வைத்து, ஜிப்பை இழுத்து மூடி, குடையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டீர்கள். மறுநாள் கடைக்கு வரவில்லை. அதற்கு மறுநாள் காலையில் சாப்பிட உட்காரும்போது தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டீர்கள். "கண்ணு டாக்டரைப் பாக்கணும். கூட வாரியாம்மா?"

இரண்டு கண்ணிலும் புரை. ரொம்ப முற்றியிருந்தது. இதை வைத்துக்கொண்டு எப்படி வேலை பார்த்தீர்கள் என்று டாக்டர் கேட்டார். ஆவணியில் வலது கண், ஐப்பசியில் இடது கண். முதல் கண்ணின் கட்டைப் பிரித்த அன்று நான்தான் எதிரில் நின்றேன். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "உன் சேலை நீலமாம்மா?" என்றீர்கள். ஆமாம் மாமா என்றேன். ஆஸ்பத்திரிச் சுவரைப் பார்த்தீர்கள். உங்கள் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தீர்கள். "இம்புட்டு வெளிச்சத்தையா நான் கம்மின்னு சொல்லிக்கிட்டு அலைஞ்சேன்" என்று யாரிடமோ சொல்வது மாதிரி சொன்னீர்கள்.

இரண்டாவது கண்ணும் சரியானதும் மூன்று நாள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தீர்கள். நான்கு வருஷத்துப் படங்களை ஒவ்வொரு ஃபோல்டராகத் திறந்து பார்த்தீர்கள். அலமாரியில் மாதிரிக்கு வைத்திருந்த ஆல்பங்களையும் இறக்கிப் பக்கத்தில் வைத்துக்கொண்டீர்கள். சாப்பாட்டுக்குக் கூப்பிட்டால் கையை மட்டும் ஆட்டினீர்கள். மூன்றாம் நாள் மாலை நாற்காலியை விட்டு எழுந்து, "இனிமே கோட்டை நீயே பாத்துக்கோ" என்றீர்கள். அவ்வளவுதான்.

எனக்கு அந்த அவ்வளவுதான் போதவில்லை, மாமா. ஆல்பத்தையும் ஃபோல்டரையும் சேர்த்துப் பார்த்த மனுஷருக்கு நான் விடியற்காலையில் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று தெரிந்திருக்கும். பொன்செல்வி முன்னால் நான் எதற்காகத் தலைகுனிந்தேன் என்றும் தெரியும். ஒரு சொல் சொல்வீர்கள் என்று காத்திருந்தேன். இன்றைக்கு இல்லாவிட்டால் பொங்கலுக்கு, பொங்கலுக்கு இல்லாவிட்டால் ஆடித்தபசுக்கு என்று மனசுக்குள் நாளைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன். சொல்லவில்லை. காப்பி வைப்பேன், சாப்பாடு போடுவேன், கேட்டதற்குப் பதில் சொல்வேன். நானாக வந்து உட்கார்ந்து பேசுவது மட்டும் நின்றுபோயிற்று. உங்களுக்கு அது தெரியாமல் இருந்திருக்காது.

அந்தக் கார்த்திகையில் ஒருநாள் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு எங்கேயோ போய்விட்டுச் சாயங்காலம் வியர்த்து விறுவிறுத்து வந்தீர்கள். எங்கே போனீர்கள் என்று நான் கேட்கவில்லை. மறுநாள் உங்கள் போனிலிருந்து ஒரு படத்தை ஏற்றச் சொன்னீர்கள். யாருடைய பழைய போனிலோ எடுத்தது. பந்தியில் ஒரு மனுஷர் சாம்பார் வாளியோடு நிற்கிறார். பின்னால் குண்டு பல்பு எரிகிறது, அதனால் முகம் முழுக்க இருட்டு. "தெரிஞ்சவங்க படம். முகம் தெரிஞ்சாப் போதும். பையப் பையத் தூக்கு" என்றீர்கள். பல்பு வெளிச்சம் மேலே போகாமல் கோட்டின் மேல்பக்கம் ஒரு புள்ளியைக் குத்திக் கட்டிப்போட்டுவிட்டு, கீழ்ப்பக்கத்தை மட்டும் மயிரிழை மயிரிழையாகத் தூக்கினேன். இரண்டு மணி நேரம் பிடித்தது. நீங்கள் என் பின்னாலேயே நின்றீர்கள். முதலில் பல் தெரிந்தது. பிறகு கன்னத்துக் குழி. பிறகு கண்ணைச் சுற்றிச் சுருக்கம். வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருக்கிறார் என்று அப்போதுதான் தெரிந்தது. புள்ளி புள்ளியாகத்தான் இருந்தது, ஆனாலும் ஒரு மனுஷர் வந்துவிட்டார். "போதும்மா" என்றீர்கள். பிரேம் போட்டு வாங்கிக்கொண்டு போனீர்கள். யார் வீட்டுப் படம் என்று நான் கேட்கவில்லை. அப்போதெல்லாம் நான் எதையும் கேட்பதில்லை.

போன புரட்டாசியில் காலையில் முகம் மழிக்க உட்கார்ந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டீர்கள். ஆஸ்பத்திரி வாசலோடு முடிந்துவிட்டது. அழ வேண்டிய நேரத்தில் எனக்கு அழுகை வரவில்லை. வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கவும் பாய் விரிக்கவுமாக ஓடிக்கொண்டிருந்தேன். உங்கள் படத்தைப் பெரிதாக்கியதும் நான்தான். ஒரு வேலை மாதிரி செய்தேன். மரத்துப்போய்க் கிடந்தேன் என்றுதான் சொல்லவேண்டும்.

ஏழாம் நாள் துக்கம் கேட்க ஒரு பெண் வந்தாள். இடுப்பில் குழந்தை. நிலைப்படியில் நின்றபடி, "அக்கா, என்னைத் தெரியுதா? பொன்செல்வி, வாசுதேவநல்லூர்" என்றாள். நாலு வருஷம் கழித்து, அதுவும் துக்க வீட்டில், மறுபடி கேட்க வந்துவிட்டாளோ என்று நினைத்தேன். அவள் உள்ளே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஐயா எங்க வீட்டுக்கு வந்தது ஒங்களுக்குத் தெரியுமாக்கா?"

தெரியாது என்றேன்.

அவள் சொல்லச் சொல்லத்தான் எனக்கு எல்லாம் தெரிந்தது. அந்தக் கார்த்திகையில் மத்தியான வெயிலில் கறுப்புக் கண்ணாடியோடு பஸ்ஸை விட்டிறங்கி, குளத்துக்கரை வழியாக விசாரித்து விசாரித்து நடந்து போயிருக்கிறீர்கள். திண்டாடி வந்த மனுஷர் ஆயிற்றே என்று அவர்கள் மோர் கொடுத்ததைக் குடிக்காமல் நின்றபடியே சொன்னீர்களாம். "ஒங்கப்பா படத்தக் கெடுத்தது என் மருமக இல்லம்மா. நாந்தான். எனக்குக் கண்ணு தெரியல. தெரியலங்கதும் எனக்குத் தெரியல. ஒரு வருசத்துக்கும் மேல என் வேலையப் பூரா அவ திருப்பிச் செஞ்சிருக்கா, வெளிய ஒரு சொல்லு சொல்லல. நீ வந்த அன்னைக்குப் பழியையும் அவளே ஏத்துக்கிட்டா. நான் ஒக்காந்து கேட்டுக்கிட்டு இருந்தேன்."

பொன்செல்வி கேட்டிருக்கிறாள். "இத அந்த அக்காட்ட சொன்னீங்களா?"

"அவ மொகத்தப் பாத்துச் சொல்ல வாய் வரல. அதான் இங்கன வந்தேன்."

அதோடு நீங்கள் திரும்பிவிடவில்லை. சுவரில் இருந்த ரேஷன் கார்டுப் படத்தைப் பார்த்திருக்கிறீர்கள். கல்யாணத்துக்கு வந்த யாராவது போனில் எடுத்திருப்பார்கள், கேட்டுப் பார்ப்போம் என்று அவளுடைய வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு அந்தத் தெருவில் வீடு வீடாக ஏறி இறங்கியிருக்கிறீர்கள். பழைய போன்களை எல்லாம் சார்ஜ் போடச் சொல்லிக் காத்திருந்து பார்த்தீர்களாம். கடைசியில் உரக்கடைக்காரர் வீட்டில் கிடைத்திருக்கிறது, முகம் தெரியாத ஒரு படம். அவர்கள் இது எதற்கு ஆகும் என்று கேட்டதற்கு, "இதைக் குடுங்க, என் மருமக கொண்டுவந்துருவா" என்று சொல்லியிருக்கிறீர்கள்.

அவள் தன் போனை எடுத்துக் காட்டினாள். அவர்கள் வீட்டுச் சுவர், பூமாலை, அதற்குள் சாம்பார் வாளியோடு அந்த மனுஷர். நான் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து தூக்கிய முகம். அவளுடைய அப்பா என்று எனக்கு எப்படித் தெரியும்? முதல் படத்தில் நான் அவர் முகத்தைப் பார்த்ததே இல்லையே, வெள்ளையைத்தானே பார்த்தேன்.

"சாப்பாடு போடும்போது எங்கப்பா இப்படித்தான்க்கா சிரிப்பாங்க" என்றாள் பொன்செல்வி. "அன்னைக்கு நான் பேசுனத மனசுல வச்சுக்கிடாதிய."

அப்போதுதான் அழுதேன், மாமா. ஏழு நாளைக்கும் சேர்த்து அழுதேன். உங்கள் மகன் வாசலிலிருந்து ஓடி வந்து என்ன ஏது என்று புரியாமல் நின்றார்.

வருஷம் ஆகப்போகிறது. உங்கள் மேல் இருந்த கோபம் முழுக்கப் போய்விட்டது என்று சொன்னால் அது பொய். வாசுதேவநல்லூர் வரைக்கும் வெயிலில் போய்ச் சொன்ன சொல்லை, அடுப்படியில் நின்ற என்னிடம் சொல்லியிருக்கலாம். நாலு வருஷம் நானும் பழையபடி உங்களிடம் பேசிக்கொண்டிருந்திருப்பேன். நினைத்தால் அலுப்பாக இருக்கிறது. ஆனால் உங்களைக் குறை சொல்ல எனக்கும் வாய் இல்லை. நீங்கள் போய்ச் சொன்னதில் ஒன்று சரியில்லை. அதை இப்போதாவது நான் சொல்லிவிட வேண்டும்.

அந்தத் தை மாதம் நீங்கள் அந்தக் கல்யாணப் படங்களைச் சரிசெய்துகொண்டிருந்தபோது டீயோடு நான் உங்கள் பின்னால் வந்து நின்றேன். திரையின் மேலே வாசுதேவநல்லூர் என்று ஃபோல்டர் பெயர் இருந்தது. எந்தப் படம் என்று நான் பார்க்கவில்லை. என் கண் போனது கோட்டுக்குப் பின்னால் இருந்த அந்த மலையின் மேல்தான். நீங்கள் தூக்கத் தூக்க அது வலப்பக்கம் நகர்ந்து போய்ச் சுவரில் முட்டி ஒட்டிக்கொண்டு நின்றது. உங்கள் கண் சரியில்லை என்று எனக்கு அதற்கு முன்பே தெரியும். பெஞ்சில் ஒரு பெண்வீட்டுக்காரர் உட்கார்ந்து உங்களைப் புகழ்ந்துகொண்டிருந்தார். நீங்கள் சிரித்துக்கொண்டே சேவ் பண்ணப் போனீர்கள். குனிந்து உங்கள் காதோடு சொல்லியிருக்கலாம். யாருக்கும் கேட்டிருக்காது. நான் டீயை மேஜையில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டேன்.

ஆகவே பொன்செல்வியிடம் நாந்தான் என்று சொன்னது உங்களுக்காகச் சொன்ன பொய் மட்டும் இல்லை, மாமா. நீங்கள் அதை எனக்குத் தியாகமாக ஆக்கிவைத்துவிட்டுப் போய்விட்டீர்கள். இங்கே வருகிறவர்களும் அப்படித்தான் சொல்கிறார்கள். மறுக்கவும் முடியாமல், ஏற்றுக்கொள்ளவும் முடியாமல் உட்கார்ந்திருக்கிறேன். அன்று நான் சொல்லாமல் விழுங்கியது இரண்டே சொல். போதும் மாமா. இன்னும் தொண்டையிலேயே இருக்கிறது.